கொரியக் கடையில் உங்களைத் திட்டினேன்

ஏனுங்க,

முப்பத்தாறு வருஷம் இப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கடிதத்தில் மட்டும் வேறெப்படித் தொடங்குவது? நலமா? அங்கே குளிர் உண்டா? உங்கள் கம்பளிக் குல்லாயை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, பீரோவில்தான் இருக்கிறது. கேட்டால் கொடுத்தனுப்ப வழியில்லை என்று தெரிந்தும் வைத்திருக்கிறேன்.

நேற்று மத்தியானம் குன்னூரில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றுகொண்டு உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சத்தமில்லாமல்தான். ஆனாலும் எதிரே வந்த ஒரு பெண் என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனாள். எதற்காகத் திட்டினேன் என்பது உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் நீங்கள் கெட்டிக்காரர் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

பிரபு இன்னும் கொரியாவில்தான் இருக்கிறான். அதே கப்பல் கட்டும் இடம், அதே வெல்டிங் வேலை. "நம்ம கீழ் கோத்தகிரியில ஒரு குளங்கூட இல்ல, எம் பையன் கப்பல் கட்டறான்" என்று டீக்கடையில் எல்லாரையும் பிடித்துச் சொல்வீர்களே, அந்த டீக்கடைக்காரர் இன்றும் அதை உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறார். ஸ்டெல்லாவுக்கும் விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் புருஷனிடம் போகிறாள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள். குன்னூர்ப் பெண், மாதா கோயில் பெண், நம் வீட்டில் எப்படி ஒட்டுவாளோ என்று கல்யாணத்தின்போது நான் முனகியது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் போன பிறகு இந்த ஒன்றரை வருஷமும் என்னோடு இருந்தவள் அவள்தான். இப்போது அவள் பெட்டி அடுக்குவதைப் பார்க்க முடியாமல் நான் தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறேன்.

இன்னொரு செய்தி. நான் கறி தின்பதை விட்டுவிட்டேன். காசிக்குப் போகிறவர்கள்தான் பிடித்த ஒன்றை அங்கே விட்டுவிட்டு வருவார்கள். நமக்குக் காசி ஏது? பவானிக் கூடுதுறையில் உங்கள் அஸ்தியைக் கரைத்த கையோடு, இனிமேல் கறி தொடமாட்டேன் என்று தண்ணீருக்குள் நின்றே சொல்லிக்கொண்டேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. புருஷன்மேல் எத்தனை பிரியம் பார் என்று சொந்தக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். பிரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காரணம் அது இல்லை. உண்மையான காரணம் நேற்று மத்தியானம் வரை எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்தச் சாயங்காலம்தான் காரணம். உங்கள் கால் வீக்கம் முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது. இருதயம் பலவீனமாகிவிட்டது, உப்பைக் கண்ணில் காட்டக் கூடாது என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு ஒரு அளவைச் சொல்லிவிட்டால் ஆண்டவனே வந்தாலும் மாற்றமாட்டேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து அளந்து அளந்து போட்ட கை இது. பிரபு லீவில் வரப்போகிறான் என்று கறியில் உப்பை அப்பிக் காயப்போட்ட உப்புக்கண்டம் அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் கட்டிலில் படுத்தபடி அதையே பார்த்தீர்கள்.

"மரகதம், ஒரே ஒரு துண்டு. நீயே சுட்டுக் குடு."

"உப்பைத் தின்னுபோட்டு மூச்சு முட்டிக் கெடக்கவா? பேசாமப் படுங்க."

நீங்கள் மறுபடி கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டீர்கள். தேயிலை பாக்டரியில் டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளி இருபத்தெட்டு வருஷம் நெருப்போடு மல்லுக்கட்டின மனிதர், சுட்ட கறியென்றால் உயிரை விடும் மனிதர், கடைசியாகக் கேட்ட ஒரு துண்டை நான் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு என் வாயில் கறி எப்படி இறங்கும்?

ஆக, இப்படிப்பட்ட ஒருத்தியைத்தான் நம் மகன் கறி சுடுகிற கடைக்கு அனுப்பினான். போனில் வந்தால் நான் கேட்கிற முதல் கேள்வி "என்ன கண்ணு சாப்பிட்ட?" என்பதுதானே. அவன் சொல்கிற பெயரெல்லாம் எனக்குப் புரிவதில்லை. "குன்னூர்ல ஒரு கொரியக் கடை வந்திருக்குதாம்மா. ஸ்டெல்லாவோட போய்ப் பாரு. நான் பட்டினி கெடக்கலைன்னு அப்பவாவது நம்புவ" என்றான். கறி தொடமாட்டேன், சோறும் காயும் போதும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஸ்டெல்லா எதற்கும் தலையாட்டினாள். பஸ்ஸில் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தாள். கோத்தகிரி தாண்டியதும் மஞ்சு இறங்கிவிட்டது. டிரைவர் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். ஜன்னலுக்கு வெளியே தேயிலை இல்லை, மரம் இல்லை, ரோடு இல்லை. பஸ் ஓடுகிறதா, நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கிறதா என்று தெரியவில்லை. தூக்கத்தில் எங்கோ போய்க்கொண்டிருப்பது போலவே இருந்தது.

கடை ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில். நடத்துகிறவர் போஜன் என்று ஒரு படுகர், கேத்திக்காரர். சென்னைப் பக்கம் கார் தொழிற்சாலை ஒன்றில் கொரிய அதிகாரிகளுக்குச் சமைத்துப் போட்டுக் கற்றுக்கொண்டாராம். மேசைக்கு நடுவில் ஒரு குழி. அதற்குள் ஒரு சட்டி நிறையக் கனலைக் கொண்டுவந்து இறக்கி, மேலே கம்பி வலையைப் போட்டார். கூரையிலிருந்து ஒரு புகைக்குழாய் யானைத் தும்பிக்கை மாதிரி தொங்கியது. அந்தக் கனலை உங்களுக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது. "காத்து பத்தல, கீழ ஓட்டையத் தொறந்து விடு" என்று அவருக்கே பாடம் எடுத்திருப்பீர்கள்.

பிறகு சின்னச் சின்னக் கிண்ணங்களாக வந்துகொண்டே இருந்தன. முள்ளங்கி, முளைப்பயறு, எள்ளு போட்ட கீரை, சிவக்கச் சிவக்க ஒரு கோஸ் ஊறுகாய். "எங்க தோட்டத்துக் கோஸுங்கம்மா. எத்தனை தடவை வேணுமோ கேளுங்க, போட்டுட்டே இருப்போம்" என்றார் போஜன். புளிப்பும் காரமும் நன்றாக இருந்தது. மூன்று தடவை எடுத்துப் போட்டுக்கொண்ட பிறகு சந்தேகம் வந்து, இதில் கறி கிறி இல்லையே என்று கேட்டேன். "கறி இல்லீங்க. எறா மட்டும் கொஞ்சம் ஊறியிருக்குமுங்க" என்றார். நான் கூடுதுறையில் விட்டது கறியைத்தான், இறாலைப் பற்றிப் பேச்சே வரவில்லை என்று முடிவுசெய்து நாலாம் தடவையும் எடுத்தேன். சிரிக்காதீர்கள்.

அடுத்து நடந்ததற்கு வேண்டுமானால் சிரியுங்கள். ஒரு கூடையில் பச்சை இலைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள், உள்ளங்கை அகலத்தில். சரி, கொரியாக்காரர்களும் இலை போட்டுத்தான் சாப்பிடுகிறார்கள், மரியாதை தெரிந்தவர்கள் என்று மகிழ்ந்து, ஒன்றை எடுத்து என் முன்னால் விரித்து, டம்ளர் தண்ணீரைத் தெளித்துத் துடைத்துவிட்டு, சோறு வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை சின்ன இலையில் எப்படிப் பரிமாறுவார்கள் என்ற கவலை வேறு. பக்கத்து மேசையில் கல்லூரிப் பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். ஸ்டெல்லாதான் மெதுவாக, "அத்தை, அதுல கறிய வச்சு மடிச்சு, எலையோட சேத்தித் திங்கணுங்க" என்றாள். பிள்ளைகளில் ஒருத்தி நான் செய்தது போலவே தன் இலைக்கும் தண்ணீர் தெளித்துக்கொண்டாள். கேலிக்கா, நான் கூச்சப்படக் கூடாது என்றா என்று தெரியவில்லை. நல்ல பெண்ணாகத்தான் இருந்தாள்.

ஸ்டெல்லா கோழியும் வெண்பன்றியும் சொல்லியிருந்தாள். அவளே இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கம்பியில் பரப்பினாள். வெந்ததும் கத்தரிக்கோலை எடுத்து, துணி வெட்டுகிற மாதிரி நறுக்நறுக்கென்று துண்டுபோட்டாள். கொழுப்பு கனலில் சொட்டிப் புகை எழுந்தது. யாரோ படியேறி வந்து கதவைத் திறந்தார்கள், மஞ்சும் கூடவே உள்ளே வந்தது. எது புகை, எது மஞ்சு என்று பிரிக்க முடியவில்லை. பேச்சுக் குரல்கள் எங்கோ தூரத்தில் கேட்டன. அந்த வாசம் இருக்கிறதே, அது நீங்கள் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிப் போடும்போது வருகிற வாசம். நான் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தேன். அதில் நீங்கள் இருந்தீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் யாராவது பையை வைக்க வந்திருந்தால் கூடாது என்று தடுத்திருப்பேன். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ, எனக்கே தெரியாது. சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் ஸ்டெல்லா இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"அத்தை, ஊருக்குப் போறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. ஊட்டுல வச்சுச் சொல்ல வாய் வரல. அதுக்குத்தான் அவரு சொன்னதும் இங்க வரலாம்னு தலையாட்டினேன்."

"சொல்லு கண்ணு."

"மாமாவுக்கு நான் உப்புக்கண்டம் சுட்டுக் குடுத்தேங்க. அவரு போறதுக்கு மூணு நாளைக்கு முந்தி. நீங்க மருந்து வாங்கக் கோத்தகிரி போயிருந்தீங்க, மத்தியானம்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு நாளை எண்ணிப் பார்த்தேன். அதே நாள். நான் மருந்து வாங்கி வந்து, அன்று சாயங்காலம்தானே நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்?

"எத்தனை?"

"மூணு துண்டுங்க."

"உப்பையாவது கழுவினயா?"

"கழுவ வேண்டாம்னுட்டாருங்க. கழுவினா அது வெறும் கறி, கண்டமில்லைன்னாரு."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். படியிறங்கி, பேக்கரி வாசலில், மஞ்சுக்குள் நின்றேன். அங்கேதான் உங்களைத் திட்டினேன். பாவி மனுஷா, மூன்று துண்டை முழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி என்னிடம் ஒரு துண்டு கேட்டீர்களா? அதை மறுத்துவிட்டேன் என்று ஒன்றரை வருஷமாக நான் என்னையே தின்றுகொண்டிருக்கிறேன். தீபாவளிக்கு ஊரெல்லாம் கறி வாசம், நான் தயிர்ச்சோறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். உங்களால் முடிந்திருக்கிறது. அவளையும் திட்டினேன். டாக்டர் சொன்னதை மீற அவளுக்கு என்ன தைரியம்? அந்த மூன்று துண்டுதான் உங்களைக் கொண்டுபோனதோ? மருந்துப் பையோடு நான் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நெருப்பை மூட்டியிருக்கிறீர்கள்.

அப்படியே ஊருக்கு பஸ் ஏறிவிடலாம் என்றுகூட நினைத்தேன். மேலே அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று அப்புறம்தான் நினைப்பு வந்தது. நான் நினைத்த இதே கேள்வியை அவளும் நினைத்திருப்பாளே? நான் ஒரு மத்தியானம் கேட்டுக்கொண்டதை அவள் ஒன்றரை வருஷமாக, என் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு, தினமும் கேட்டிருப்பாளே? உங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போவாள். அது சோகம் என்று நினைத்தேன். எனக்கு அளக்கத் தெரியும், ஆனால் மனிதர்களைப் பார்க்கத் தெரியாது என்று நீங்கள் சொல்வதுண்டு. சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

மேலே போனேன். கறியெல்லாம் கருகாமல் கம்பியின் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, ஒன்றையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். போஜன் விஷயம் புரியாமல், சாப்பாடு பிடிக்கவில்லையோ என்று பதறிப்போய் இன்னும் இரண்டு கிண்ணம் ஊறுகாய் வைத்துவிட்டுப் போனார்.

"கோயில்ல பாவசங்கீர்த்தனத்துல சொல்லீட்டேங்க அத்தை. பாதரும் மன்னிப்புக் குடுத்துட்டாரு. ஆனாலும் தூக்கம் வரலீங்க" என்றாள். பிறகு, "என்னாலதான் போயிட்டாருங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் யோசிக்கவில்லை. யோசித்தால் தப்பாகச் சொல்லிவிடுவேன் என்று பயந்தேன்.

"கோயமுத்தூர் டாக்டர் என்னைத் தனியாக் கூப்புட்டுச் சொன்னாரு கண்ணு. இனி மாசக் கணக்கில்ல, நாள் கணக்குன்னு. உங்கிட்டயும் பிரபுகிட்டயும் நாந்தான் சொல்லல. மூணு துண்டு தின்னாலும் அதேதான், திங்காட்டியும் அதேதான். நீ கொல்லல."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சொல்லிவிட்டு நானே திகைத்துப்போனேன். தின்னாலும் அதேதான் என்று தெரிந்தவள், ஏன் கொடுக்கவில்லை? இத்தனை நாள் இந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன், நேராக நின்று பார்த்ததில்லை. கொடுத்தால் நீங்கள் போகப்போகிறீர்கள் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால்தான் கொடுக்கவில்லை. அவளிடம் அதையும் சொன்னேன். அன்று சாயங்காலம் நீங்கள் என்னிடமும் கேட்டதை, நான் விரட்டியதை, கூடுதுறையில் சொல்லிக்கொண்டதை எல்லாம். கொடுத்தவளும் அழுதாள், கொடுக்காதவளும் அழுதாள். தின்ற மனிதர் நீங்கள் மட்டும் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள்.

"சாப்பிட்டுட்டு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அத்தைகிட்டச் சொல்லிப்போடாதன்னாருங்க. அவ என்னயக் காப்பாத்திப்போடலாம்னு நெனச்சுட்டிருக்கறா, அந்த நெனப்பக் கெடுத்துப்போடாத கண்ணுன்னாருங்க."

இதைக் கேட்ட பிறகு உங்களைத் திட்ட முடியவில்லை. அதற்காகவும் உங்கள்மேல் கோபம்தான்.

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓர் இலையை எடுத்தாள். ஒரு துண்டு கறி, கொஞ்சம் சோறு, ஒரு பூண்டு, ஏதோ ஒரு சிவப்பு விழுது. மடித்தாள். தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அந்த ஊரில் பிரியமானவர்களுக்கு இப்படி மடித்து வாயில் ஊட்டிவிடுவார்களாம். பிரபு சொன்னானாம். மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினாள். "வேண்டாம்னா விட்டுருங்க அத்தை" என்றாள்.

இதை நான் மறுத்தால், நீ செய்தது தப்புத்தான் என்று சொன்னதாக ஆகிவிடும். அவள் அதையும் பெட்டியில் வைத்துக்கொண்டு கடல் தாண்டுவாள். நான் வாயைத் திறந்தேன். பெரிய கவளம், கன்னம் இரண்டும் உப்பிவிட்டது, கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒன்றரை வருஷம் கழித்துத் தின்றேன். கூடுதுறைத் தண்ணீர் என்னைக் கோபித்துக்கொள்ளாது என்று நினைக்கிறேன். பிறகு நான் ஒன்று மடித்து அவளுக்கு ஊட்டினேன். எனக்கு மடிக்க வரவில்லை, பாதி அவள் மடியில் கொட்டியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு நான் பரிமாறியிருக்கிறேன். ஊட்டியது இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் மட்டும் விழித்திருந்தேன். உங்களை ஒன்று கேட்க வேண்டும். மத்தியானமே மூன்று துண்டு தின்று ஆசை தீர்ந்தவர், சாயங்காலம் என்னிடம் எதற்காகக் கேட்டீர்கள்? எனக்குச் சந்தேகம் வராமலிருக்கவா? அதற்கு நீங்கள் கேட்காமலே இருந்திருக்கலாமே. நாலாவது துண்டுக்கு ஆசையா? அப்படியென்றால் இன்னும் ஒரு தடவை நச்சரித்திருப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? "நீயே சுட்டுக் குடு" என்றீர்களே. உங்களுக்கு வேண்டியிருந்தது கறி இல்லை, என் கைதானா?

எனக்கு இப்போதுதான் புரிகிறது. தாமதமாகத்தான் புரிகிறது. அந்தக் கவளத்தை வாங்கிக்கொண்டதிலேயே ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன், நீ செய்தது சரி என்று. என்னிடம் அப்படிச் சொல்ல யாரும் இல்லை, நீங்களும் இல்லை. பரவாயில்லை, நான் அதோடு இருந்துகொள்கிறேன்.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். என் நாளும் ஒரு நாள் வரும். நான் அங்கே வரும்போது, வாசலில் நின்று நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம். நானே அடுப்பு மூட்டி, நானே சுட்டு, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையால் உங்கள் வாயில் வைப்பேன். உப்பைக் கழுவமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்சாரம், பிரபுவின் அம்மா, ஸ்டெல்லாவின் அத்தை
மரகதம்